தவசிலிங்கம், பி.ஏ.

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. பைக்கும் சேத்தா டிக்கெட் எடுத்திருக்கீங்க? கோவிச்சுக்கிடாதீங்க, காலையில இருந்து கோவில்பட்டி தாலுகா ஆபீஸ் வராண்டாவுல நின்னு நின்னு ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. எதுவரைக்கும், சிவகாசியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். சாத்தூரைச் சுத்திக்கிட்டுப் போவான், நேரம் கெடக்கு. தூங்கிறாதீங்க. ஒரு நியாயம் கேக்கணும் உங்ககிட்ட. தெரிஞ்ச ஆளுக கிட்ட இதைக் கேக்க முடியாது.

பதினெட்டுன்னா பதினெட்டுதானே அண்ணாச்சி? பையனுக்குப் பதினெட்டு முடியிற வரைக்கும் ஜீவனாம்சம் கட்டுன்னு கோர்ட்டுல சொன்னாங்க. கட்டுனேன். பதினெட்டு முடிஞ்சது. நிறுத்துனேன். இதுல எங்க தப்பு? நீங்களே சொல்லுங்க. ஒரு மாசமில்ல ரெண்டு மாசமில்ல, பன்னிரண்டு வருஷம். ஒரு மாசம் தவறுனது கிடையாது. நடுவுல ஒரு தடவை வாரன்ட்டு வந்து போலீஸ்காரன் வீட்டு வாசல்ல நின்னான், அது வேற விஷயம், அது அந்த வருஷம் தீபாவளிக்குப் பிரஸ்ஸுல போனஸ் லேட்டு. அதை விடுங்க.

பொண்டாட்டி பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. பேரு மட்டும் அம்மன் பேரு. பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போது கூட்டிக்கிட்டுப் போனவதான். என்ன பெரிய காரணம்னு கேளுங்களேன். ஏதோ கூட்டுறவு பேங்குல கிளார்க்கு வேலைக்கு ஆள் எடுக்காங்கன்னு இவளே ஒரு ஃபாரம் வாங்கிட்டு வந்து, இவளே பூர்த்தி பண்ணி, "உங்க டிகிரி சர்ட்டிபிகேட்டைக் குடுங்க, ஜெராக்ஸ் எடுக்கணும்"னு என் முன்னால வந்து நிக்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் கிட்ட கேக்குற கேள்வியா அது? தட்டைத் தூக்கி எறிஞ்சேன். தட்டு எங்க போய்ப் படும்னு எறியிறவனுக்குத் தெரியுமா அண்ணாச்சி? நெத்தியில ரெண்டு தையல். ரெண்டே ரெண்டு. அதுக்குப் போயிட்டா. ஒரு பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆகுமா?

சர்ட்டிபிகேட்டு என்ன ஆச்சுன்னு நீங்களும் பாக்குறீங்க. பாருங்க. உங்களை இனிமே நான் எங்க பாக்கப் போறேன், சொல்றதுக்கென்ன. ரெண்டு பேப்பர் நின்னு போச்சு. பி.ஏ. எக்கனாமிக்ஸ், மூணு வருஷமும் கிளாஸுல உக்காந்து படிச்சேன், மொத்தம் பதினெட்டு பேப்பர், பதினாறு பாஸு. புள்ளியியல் ஒண்ணு, இங்கிலீஷ் ஒண்ணு, ரெண்டும் காலை வாரிருச்சு. திருப்பி ரெண்டு தடவை எழுதுனேன். அந்தப் பேப்பரு திருத்துனவன் எவனோ அவன் வெளங்க மாட்டான். இப்ப சொல்லுங்க, பதினெட்டுல பதினாறு பாஸ் பண்ணுனவன் படிச்சவனா படிக்காதவனா? சந்தையில பதினெட்டு தேங்காய் வாங்கி ரெண்டு அழுகல்னா தேங்காயே வாங்கலன்னு சொல்லுவீங்களா? அதேதான்.

கல்யாணம் பேசும்போது எங்க அம்மா பி.ஏ.ன்னே சொல்லிட்டாங்க. நான் என்ன, பொண்ணு வீட்டுல போய் அம்மா பொய் சொல்றாங்கன்னா சொல்ல முடியும்? அதுவும் நான் வேலை பாக்கிறது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸு. புரூஃப் பாக்கிறது நான். ஒரு நாளைக்கு எத்தனை பி.ஏ., எத்தனை எம்.எஸ்ஸி. என் கண்ணு வழியாப் போகும் தெரியுமா? பொண்ணு டென்த் ஃபெயிலு, பத்திரிகையில டி.டி.எட். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை, பாத்தா கப்பல்ல பாத்திரம் கழுவுறவன். ஒரு அப்பன் வந்து, "பேருக்குப் பின்னால எதாவது ரெண்டு இங்கிலீஷ் எழுத்துப் போடுங்க சார், வெறும் பேரா இருந்தா மொட்டையாத் தெரியுது"ன்னான். ஊரே இப்படி இருக்கையில, என் பத்திரிகையில நான் தவசிலிங்கம், பி.ஏ.ன்னு போட்டுக்கிட்டது குத்தமா? தங்க எழுத்து, எம்போஸிங். அதுலருந்து நம்ம ஏரியாவுல எல்லாரும் பி.ஏ. சார்ம்பாங்க. டீக்கடையில கூட பி.ஏ. சாருக்கு ஒரு ஸ்ட்ராங்குன்னுதான் சத்தம் கேக்கும். இருபது வருஷம். இருபது வருஷமா ஒருத்தனை ஊரே ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டா அது அவன் பேருதானே?

சரி, விஷயத்துக்கு வாரேன். இந்த மே மாசம் பதினேழாம் தேதி பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சது. கோகுலகண்ணன்னு பேரு, நான் வச்ச பேருதான். அன்னைக்கு நான் ஒரு கிலோ காராச்சேவும் ஒரு கிலோ பால்கோவாவும் வாங்கிட்டுப் போய் பிரஸ்ஸுல எல்லாருக்கும் குடுத்தேன். இனி அஞ்சு பைசா கட்ட வேண்டாம்லா! டி.டி.பி. பாக்கிற பொண்ணு என்ன சார் விசேஷம்னு கேட்டுது. பையன் மேஜர் ஆயிட்டாம்மான்னேன். அந்தக் கூறு கெட்ட புள்ளை உடனே எந்திரிச்சு நின்னு, "பையன் பிறந்தநாளைக்குப் பால்கோவாவா! உங்க பாசம் யாருக்கு சார் வரும்"னு கையைத் தட்டுது. எல்லாரும் தட்டுறாங்க. நான் என்ன சொல்ல? பால்கோவாவைக் குடுத்துட்டு ஜீவனாம்சம் முடிஞ்ச சந்தோசம்னா சொல்ல முடியும்? ஆமாம்மான்னுட்டு வந்துட்டேன்.

எங்க வக்கீலைப் போய்ப் பாத்தேன், எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு. "சட்டப்படி நிறுத்தலாம்"னாரு. அதோட விட்டாரா? "காலேஜ் சேருற நேரம், உன் பிள்ளைதானய்யா, பாத்துச் செய்யி"ன்னாரு. என்கிட்ட பீஸு வாங்கிட்டு அவளுக்குப் பேசுறாரு, எப்படி இருக்கு பாத்தீங்களா? வக்கீல் வேலைக்கு வந்தோமா, சட்டத்தைச் சொன்னோமா, போனோமான்னு இல்ல.

எனக்குத் தெரியும் அண்ணாச்சி, அவன் வருவான்னு. பிளஸ் டூவுல அறுநூறுக்கு ஐந்நூத்தி அறுபத்தேழு. எனக்கு எப்படித் தெரியும்னா, அவன் சித்தி மகன் ஒருத்தன் கிட்ட ரெஜிஸ்டர் நம்பரை வாங்கி நெட்டுல போட்டுப் பாத்தேன். சும்மா தெரிஞ்சிக்கிடத்தான். கணக்குல தொண்ணூத்தொன்பது. அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு ஒரே யோசனை. அந்த மூளை யாரு மூளை? அவளுக்குக் கணக்குன்னா நாலும் நாலும் கூட்ட விரலை மடக்கணும். மெடிக்கல் ஷாப்புல பில்லு போடுறா, அதையும் கம்ப்யூட்டருதான் கூட்டுது.

இன்ஜினியரிங் சேருவான், பீஸு கட்டணும், என்கிட்டதான் வந்து நிக்கணும். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். "தம்பி, இத்தனை வருஷம் ஒரு நல்ல நாள் பொல்லாத நாள் உங்க அம்மா உன்னைக் காட்டுனாளா? கோர்ட்டு மூலமா வாங்கத் தெரிஞ்சுதுல்ல, இப்பவும் கோர்ட்டுக்கே போ." இப்படிச் சொல்லணும். சொல்லிட்டு, அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பிப் போகையில, "ஏலே, இங்க வா"ன்னு கூப்பிட்டு, எவ்வளவு வேணும்னு கேக்கணும். எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருந்தேன். நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. அவன் கேக்கணும், அவ்வளவுதான். அப்பான்னு வந்து கேக்கணும்.

வந்தான். ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை, பிரஸ்ஸுக்கே வந்துட்டான். கட்டிங் மெஷின் பக்கத்துல ஒரு நெட்டையான பய நிக்கான், ஏதோ பத்திரிகை அடிக்கக் குடுக்க வந்தவன்னு நெனைச்சு, "சாம்பிள் புக்கு அங்க இருக்கு, பாத்து எடுப்பா"ன்னேன். "நான் கோகுல்ப்பா"ங்கான். மீசை வச்சிருக்கான் அண்ணாச்சி. கடைசியா நான் பாக்கும்போது முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடந்த பய.

நான் விடலையே. யோசிச்சு வச்சிருந்ததை எடுத்தேன். "பதினெட்டு முடிஞ்சிருச்சு தம்பி, இனிமே சட்டப்படி..."ன்னு ஆரம்பிச்சேன். குறுக்க கையைக் காட்டுறான். "பணம் கேட்டு வரலப்பா. ஒரு கையெழுத்து மட்டும் வேணும்"ங்கான்.

என்ன கையெழுத்துங்கிறீங்க? முதல் பட்டதாரி சான்றிதழ். கேள்விப்பட்டிருப்பீங்கள்ல? குடும்பத்துல யாருமே டிகிரி வாங்காம, பையன்தான் முதல்முதலா படிக்கப் போறான்னா, அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்க. அது இருந்தா காலேஜ் பீஸுல பெரிய தொகை கழியும். அதுக்கு அப்பன்காரன் எழுதிக் குடுக்கணுமாம். "நான் பட்டதாரி அல்ல, என் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை." டைப் அடிச்சே கொண்டாந்துட்டான். கீழ என் பேரு, வெறும் தவசிலிங்கம். பின்னால ஒண்ணும் இல்ல, மொட்டையா.

படிச்சிட்டு நான் நிமிர்றேன், அந்த டி.டி.பி. புள்ளை அந்தக் கோடியில இருந்து, "பி.ஏ. சார், விருதுநகர் பார்ட்டி புரூஃப் கேக்காங்க"ன்னு சத்தம் போடுது. பய என் மூஞ்சியைப் பாக்கான். நான் அவன் மூஞ்சியைப் பாக்குறேன். நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க? அங்க வச்சு, அத்தனை பேருக்கு முன்னால, நான் பட்டதாரி இல்லைன்னு கையெழுத்துப் போடணுமா? "யாருடா சொன்னா நான் டிகிரி இல்லன்னு? உங்க அம்மாவா?"ன்னேன். "அம்மா யார்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்லப்பா. கோர்ட்டுல அம்மாவோட வக்கீலம்மா துருவித் துருவிக் கேட்டப்பவும் சொல்லல"ன்னான். நல்லா இருக்குல்ல? சொல்லலையாம். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்து, இப்பப் பையன் கையில ஃபாரத்தைக் குடுத்து அனுப்பியிருக்கா. என்ன ஒரு சூழ்ச்சி பாத்தீங்களா? "போடா, நான் பி.ஏ.தான், எவன் வந்து கேட்டாலும் பி.ஏ.தான்"னு அனுப்பிட்டேன்.

போனவன் சும்மா இருந்தானா? தாய் தனியாத்தான் வளத்தா, அப்பா எங்களோட இல்லைன்னு தாலுகா ஆபீஸுல சொல்லியிருக்கான். அப்பா இருக்காருல்ல, அவரும் வந்து சொல்லட்டும்னு துணை தாசில்தார் சொல்லிட்டாரு. இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு வரச் சொல்லி நேத்து போன் வந்தது. நான் பயப்படுற ஆளா? வெள்ளைச் சட்டையைப் போட்டேன், என் கல்யாணப் பத்திரிகையை லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன், அதையும் எடுத்துப் பையில வச்சேன். பஸ் ஏறிட்டேன்.

பத்து மணிக்குன்னுட்டு பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டாங்க, பயலையும் என்னையும் சேத்து. அந்தத் துணை தாசில்தார் சின்ன வயசு, நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். "நீங்க பட்டதாரியா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "சர்ட்டிபிகேட்டு?"ன்னாரு. வெள்ளத்துல போயிருச்சுன்னேன். "சிவகாசியில எந்த வருஷம் சார் வெள்ளம்?"ங்காரு. பக்கத்துல இருந்த ஆபீஸர் அம்மா வாயைப் பொத்திக்கிடுது. அப்ப எடுத்தேன் பாருங்க பத்திரிகையை. மேசையில வச்சேன். "இதுல போட்டிருக்கு பாருங்க. ஆயிரம் பத்திரிகை அடிச்சு ஊருக்கே குடுத்தது. பொய்யா இருந்தா அன்னைக்கே ஒருத்தன் கேட்டிருக்க மாட்டானா?"ன்னேன். அவரு அதைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, "பிரிண்டிங் நல்லா இருக்கு. ஆனா இதைப் பட்டம்னு எடுத்துக்கிட முடியாதே"ன்னாரு. எகத்தாளம்!

"ஒண்ணு, எந்த வருஷம் எந்த நம்பருல பாஸ் பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க, யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேப்போம். இல்லன்னா இதுல கையெழுத்துப் போடுங்க, பையனுக்கு இன்னைக்கே சர்ட்டிபிகேட்டு குடுத்துர்றேன். உங்களுக்கு இதுல ஒண்ணும் செலவு இல்ல சார்"னாரு. செலவு இல்லையாம். பேனாவையும் மூடியைக் கழத்தி என் பக்கம் நீட்டுறாரு.

அப்ப நான் ஒண்ணு சொன்னேன் அண்ணாச்சி. எப்படி வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியல. "சார், இந்த ஃபாரமே வேண்டாம், நாலு வருஷத்துக்கும் பீஸை நான் கட்டிர்றேன், விட்டுருங்க"ன்னேன். பதினெட்டு முடிஞ்சதுக்குப் பால்கோவா குடுத்தவன் நான். நாலு வருஷம் இன்ஜினியரிங் பீஸு கட்டுறேன்னு ஒரு ஆபீஸ்ல, சாட்சியோட சொல்றேன். சொல்லிட்டு அவனைப் பாக்குறேன், இப்பவாவது அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு.

பய என் பக்கம் திரும்பவே இல்ல. அந்த அதிகாரியைப் பாத்து, "சார், அப்பா சொல்றது சரிதான். அவரு பி.ஏ.தான். நான்தான் சரியாத் தெரியாம விண்ணப்பிச்சிட்டேன். திருப்பி வாங்கிக்கிடுதேன்"னான். "யோசிச்சுக்கோ தம்பி, நாலு வருஷத்து விஷயம்"னு அந்த ஆளு சொல்றாரு. "லோன் போட்டுக்கிடுதேன் சார்"னு சொல்லிட்டு, வாபஸ்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். கையெழுத்தைப் பாத்தேன். முதல் எழுத்துக்கு அடியில ஒரு கோடு இழுப்பேன் நான், அதே மாதிரி இழுக்கான். யாரு சொல்லிக் குடுத்தா?

ஜெயிச்சிட்டேன்ல? அரசாங்க ஆபீஸுல, அதிகாரி முன்னால, பெத்த பையனே ஒத்துக்கிட்டான், பி.ஏ.தான்னு. அவ வராண்டாவுல நின்னுக்கிட்டு இருந்தா, கையில சாப்பாட்டுத் தூக்கோட. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. நெத்தியில அந்தத் தழும்பு இன்னும் தெரியுது, நான் பாக்கல, கண்ணுல பட்டது. "பாத்தியா?"ன்னேன். நான் நிக்கிற இடத்துல யாருமே இல்லாத மாதிரி நிக்கா.

பய வெளிய வந்தான். ஃபைலைத் திறந்து, மடிச்ச ஒரு பழைய தாளை எடுத்து என்கிட்ட நீட்டுறான். இது உங்களுதுப்பாங்கான். பிரிச்சுப் பாத்தா, என் கடைசி வருஷ மார்க் லிஸ்ட்டு. என் பேரு, என் நம்பரு, கீழ ரெண்டு பேப்பருக்கு நேரா ஃபெயில்னு போட்டது. எரிச்சுப் போட்டேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அவ எந்தக் காலத்துல எந்தப் பெட்டிக்கு அடியில இருந்து எடுத்து வச்சாளோ. "இதை உள்ள காட்டியிருக்கலாமேடா"ன்னேன். நானேதான் கேட்டேன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம.

அதுக்கு அவன் சொல்றான்: "எங்க வீட்டுல முதல்ல டிகிரி வாங்கப் போறது நான்தான்னு எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போதும்ப்பா. உங்களை அங்க வச்சு அசிங்கப்படுத்தி எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வேண்டாம்." சொல்லிட்டு அவ கையில இருந்த தூக்கை வாங்கிக்கிட்டு, ரெண்டு பேரும் படி இறங்கிப் போயிட்டாங்க.

திமிரு. எவ்வளவு திமிரு பாத்தீங்களா அண்ணாச்சி? எனக்குப் பிச்சை போடுறான் என் மகன். பயந்துட்டாங்க, அதான் விஷயம். காட்டுனா நான் கேஸு போடுவேன்னு பயம். இல்லன்னா எவனாவது கையில இருக்கிற ஆதாரத்தைக் காட்டாம, லட்சக்கணக்குல கடன் வாங்குவானா? நீங்களே சொல்லுங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

போய் நானே கையெழுத்துப் போட்டிருக்கலாம்ங்கிறீங்களா? இப்பவும் போடலாம்ங்கிறீங்களா? போடலாம். நாளைக்கும் ஆபீஸ் இருக்கு. அந்த ஆளு பேனாவைத் திறந்து நீட்டுனப்ப என் கை போச்சு அண்ணாச்சி, பொய் சொல்லல, பாதி தூரம் போச்சு. அந்த மொட்டைப் பேரைப் பாத்ததும் நின்னு போச்சு. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க. பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. அந்த ரெண்டு எழுத்துதானே?

அந்தா, சாத்தூர் வந்துருச்சு. தண்ணி பாட்டில் இருந்தாக் குடுங்க. மூஞ்சியைக் கழுவிக்கிடுதேன், வேற ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி.

பய நல்லாப் படிப்பான் அண்ணாச்சி, அது எனக்குச் சந்தேகமே இல்ல. கம்ப்யூட்டரு சயின்ஸுதான் கெடைக்கும் அந்த மார்க்குக்கு. எங்க அப்பா நாலாங்கிளாஸு. அவரோட அப்பா கைநாட்டு. எங்க வம்சத்துலயே காலேஜுல படிச்சுப் பட்டம் வாங்கப் போற முதல் ஆளு அவன்தான்...

ரெண்டாவது. ரெண்டாவது ஆளுன்னு சொல்ல வந்தேன். முதல்ல நானு, அப்புறம்தான் அவன்.